விட்ட மீன் பிழைத்ததா?

தூண்டில் போட்டி நடத்துகிறவர்களுக்கு வணக்கம்.

‘பிடித்த மீனை உயிரோடு விட்டுவிட வேண்டும்’ என்று விதித்தாளில் ஒரு வரி போட்டதோடு பல போட்டிகளில் மீனின் கதை முடிந்துவிடுகிறது. வாலை ஆட்டிக்கொண்டு போன மீன் சில மணி நேரம் கழித்து எங்கோ அடியில் செத்தால், அது யார் கணக்கிலும் ஏறுவதில்லை. எங்கள் குறை அந்தக் கணக்கைப் பற்றியது.

1992இல் வெளியான ஒரு சோதனையில் வானவில் ட்ரவுட் மீன்களை விரட்டிக் களைக்க வைத்தார்கள். தண்ணீரைவிட்டு எடுக்காதவற்றில் 12 சதவீதம் செத்தன. 30 விநாடி காற்றில் வைத்தவற்றில் 38 சதவீதம்; ஒரு நிமிடம் வைத்தவற்றில் 72. ட்ரவுட் நொய்ந்த மீன், எல்லாம் அப்படியல்ல என்பீர்கள். சரிதான். ஆனாலும் பெரும்பாலான மீன்களுக்குச் செவுள் வேலை செய்யும் விதம் ஒன்றுதான். தண்ணீரில் இதழிதழாக விரிந்து நிற்பது, வெளியே வந்ததும் நனைந்த தாள்போல ஒட்டிக்கொள்கிறது. மீன் மூச்சுக்குத் தவிக்கிற அந்த நேரத்தில்தான் நாம் படம் எடுக்கிறோம்.

ஆகவே முதலில் எடைபோடும் தராசை அகற்றிவிடுங்கள். தொட்டியில் அடைத்து, பையில் தூக்கி, வரிசையில் காத்திருந்து தொங்கவிடுவதற்குப் பதில் நீளத்துக்குப் புள்ளி கொடுங்கள். நனைத்த அளவுப்பலகை, ஒரு படம், பத்து விநாடிக்குள் மறுபடி தண்ணீர். கைவலை முடிச்சில்லாத ரப்பராக இருக்கட்டும். முடிச்சு வலையும் காய்ந்த கையும் மீனின் வழவழப்பை உரித்துவிடும். பூஞ்சை பிடிப்பது அங்கேதான்.

மும்முனை முள் வேண்டாம், ஒற்றை முள் போதும். நுனிக்குப் பின்னால் எதிர்த்து நிற்கும் சின்ன முனையைக் குறட்டால் நசுக்கி, துணியில் குத்தி இழுத்துப் பாருங்கள். நூல் மாட்டாமல் வந்தால் சரி. இரை வைத்துப் பிடிப்பதென்றால், நுனி உள்நோக்கி வளைந்த வட்ட முள். வெடுக்கென்று சுண்டாமல் நிதானமாக இழுத்தால் பெரும்பாலும் வாயோரத்தில் மாட்டும். தொண்டைக்குள் போய்விட்டால் நோண்டாமல், தூண்டில் நரம்பை முள்ளை ஒட்டி நறுக்கிவிடுங்கள். மெல்லிய நரம்பில் பெரிய மீனை அரைமணி நேரம் ஆட்டிப்படைப்பதற்குத் தனிப்பரிசு வேறு சில இடங்களில்! அதை அறவே நீக்குங்கள்.

ஆழத்திலிருந்து வந்த மீனுக்குக் காற்றுப்பை ஊதி, வாய்வழியே ஒன்று பிதுங்கும். அது இரைப்பை, ஊசியால் குத்தக்கூடாது. கனம் கட்டிய இறக்குகருவியில் மாட்டி ஆழத்துக்கே இறக்குங்கள். ட்ரவுட் போட்டியென்றால் தண்ணீர் 20 டிகிரி செல்சியஸ் தாண்டியதும் நிறுத்திவிடுங்கள்.

விடுவதற்கென்றே மீன் பிடிப்பதை சுவிட்சர்லாந்து தடை செய்திருக்கிறது. வெறும் விளையாட்டுக்கு ஓர் உயிரை வதைக்கலாமா என்ற அந்தக் கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் செவுளில் ரத்தம் கொட்டும் மீனையும் விட்டே தீரவேண்டும் என்பது அதைவிட மோசம். சட்டம் இடம்கொடுத்தால் தலையில் ஓங்கி ஒரே அடியில் கொன்று, சமைக்க எடுத்துப்போகட்டும், புள்ளி கிடையாது. வென்றவர் பெயரை எழுதும் பலகையிலேயே செத்த மீன்களின் எண்ணிக்கையையும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
தூண்டில்காரர்கள் சிலர்