காபன்-காபன் என்று சொல்லி எபொக்சித் தகடு அனுப்பியமை தொடர்பான முறைப்பாடு

முகாமையாளர் அவர்கட்கு,

ஐயா,

இது என் ஐந்தாவது கடிதம். முதல் நான்கும் கிடைத்தன என்று ஒரு வரி எழுதியிருந்தாலும் இதை எழுதியிருக்க மாட்டேன்.

உங்கள் பற்றுச்சீட்டில் "காபன்-காபன், சிலிக்கன் காபைட்டுப் பூச்சுடன்" என்று தெளிவாக இருக்கிறது; அதாவது காபன் இழைகளைக் காபனாலேயே பிணைத்து, மேலே காப்புப் பூச்சுப் பூசிய தகடு. விண்ணோடத்தின் மூக்கும் இறக்கை விளிம்பும் 1260 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தை எப்படித் தாங்கின என்று எங்கள் பாடசாலைக் கண்காட்சியில் காட்டத்தான் அதை வாங்கினேன். வாயுச் சுடர் பட்டு அரை நிமிடம் ஆகவில்லை. பளபளப்பு கொப்பளித்தது, கறுப்புப் புகை கிளம்பியது, தகடு பழைய பன்பாய் போல இழை இழையாகப் பிரிந்தது. பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். முப்பது வருடமாக நான் சேர்த்த மானம் அன்றோடு போயிற்று.

நீங்கள் அனுப்பியது காபன் இழைகளை எபொக்சி என்ற செயற்கைப் பிசினால் ஒட்டிய தகடு. அந்தப் பிசின் 300 பாகையைத் தாண்டினால் கருகிவிடும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

கருகிய தகட்டைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக்கொண்டு, மட்டக்களப்பிலிருந்து இரவு ரயிலில் உட்கார்ந்தபடியே கொழும்புக்கு வந்தேன். உங்கள் நீலச் சட்டைத் தம்பி கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கை கறுத்துவிடும்" என்று தகட்டைத் தொடவும் இல்லை. "இரண்டும் கறுப்புத்தானே சேர், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு என்ன தெரியப்போகிறது?" என்றார். ஐயா, அந்தப் பிள்ளைகள்தான் புகையைப் பார்த்ததும் "சேர், இது பிசின்" என்று எனக்கே சொன்னவர்கள். பிறகு அவர் என்னை வத்தளைக் களஞ்சியத்துக்கு அனுப்பினார். அது பூட்டியிருந்தது.

சொல்ல மறந்துவிட்டேன், அதற்கு முன் தொலைபேசியில் ஒருவர், நெருப்புக் காட்டியது என் பிழை என்றார்! காற்றில் காபன் எரியுமாம். எரியும்தான், பூச்சில்லாத காபன் 500 பாகையளவிலேயே எரியத் தொடங்கும். அதைத் தடுக்கத்தானே அந்தப் பூச்சு? அதற்கும் சேர்த்துத்தானே காசு வாங்கினீர்கள்?

உங்கள் பெயரைக் கெடுப்பது என் நோக்கமல்ல. பணத்தையும் ரயில் கட்டணத்தையும் தயவுசெய்து திருப்பித் தாருங்கள். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையில் தகட்டோடு நிற்பேன்.

தகடு என் மேசை லாச்சியில் இருக்கிறது. எடுத்துப்போக அந்தத் தம்பியையே அனுப்புங்கள். கையுறை நான் தருகிறேன்.

இப்படிக்கு,
விஞ்ஞான ஆசிரியர்,
கல்லடி, மட்டக்களப்பு.