சேவல் சண்டைக்கு இருக்கும் சட்டத்தைக் கோழிக்கூண்டுக்கும் பயன்படுத்தக் கோரி மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், நாமக்கல் மாவட்டம்.

பொருள்: முட்டைக்கோழிப் பண்ணைகளிலும் கறிக்கடைகளிலும் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தை நடைமுறைப்படுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

பொங்கல் நெருங்கினால் நம் பக்கம் போலீசாருக்குச் சேவல் சண்டையைத் தேடுவதே பெரிய வேலையாகிவிடுகிறது. தோப்புக்குள் சண்டை விட்டவர்களைப் பிடித்து, சேவல், பைக், பந்தயப் பணம் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் படமெடுத்துப் பத்திரிகைக்குக் கொடுக்கிறார்கள். பக்கத்துக் கரூர் மாவட்டத்தில் சேவல் சண்டைக்குப் பேர்போன பூலாம்வலசில்கூடக் கோர்ட்டு, நிபந்தனை என்று அலைந்துதான் சண்டை விட வேண்டியிருக்கிறது. சரி, அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. காலில் கத்தியைக் கட்டிவிட்டு ரத்தம் பார்த்து விசிலடிப்பதற்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. அந்தச் சேவலைப் பிடிக்கப் போகிற ஜீப் வழியில் எத்தனை முட்டைக்கோழிப் பண்ணைகளைத் தாண்டிப் போகிறது, ஒன்றிலாவது நிற்கிறதா என்பதுதான் என் கேள்வி.

பண்ணைக்குள் போய்ப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரு கூண்டில் மூன்று நான்கு கோழிகள். ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம் இந்த மனு எழுதிய ஏ4 தாளைவிடச் சிறியது. தரை கிடையாது, கம்பி வலைதான், அதுவும் முட்டை உருண்டு முன்னால் வந்துவிழ வசதியாகச் சரிவாகப் போட்டது. தீவனத்துக்குத் தலையை நீட்டி நீட்டிக் கம்பியில் உரசியே கழுத்து இறகெல்லாம் போய்ச் சிவந்த தோல் தெரிகிறது. சீய்க்க மண் இல்லாததால் நகம் தேயாமல் வளைந்து வளர்கிறது. இறக்கையை விரிக்க முடியாது, புழுதியில் புரள முடியாது, ராத்திரி ஏறி அடைய ஒரு கொம்பும் கிடையாது. ஏறத்தாழ 20 வாரத்தில் முட்டையிட ஆரம்பித்தால் 70, 80 வாரம் வரைக்கும் இதே நிற்பு, அப்புறம் லாரி. நெருக்கடியில் ஒன்றையொன்று கொத்திக்கொள்ளும் என்பதால் குஞ்சாக இருக்கும்போதே அலகு நுனியைச் சுடுகத்தியில் வெட்டிவிடுகிறார்கள். சேவலுக்குக் கத்தி கட்டினால் வழக்கு, குஞ்சுக்குக் கத்தி வைத்தால் அது பண்ணை மேலாண்மை!

முட்டையிடும் இனத்தில் பொரிக்கிற சேவல் குஞ்சுகளைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. முட்டையும் போடாது, கறிக்கும் ஆகாது என்று பொரித்த அன்றே கழித்துவிடுகிறார்கள். தப்பித்த கொஞ்சம்தான் ரோஸும் பச்சையுமாகச் சாயம் பூசிச் சந்தையிலும் திருவிழாவிலும் விற்கும் கலர் குஞ்சு. பிள்ளைகள் ஆசையாய் வாங்கிப்போவார்கள், பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் செத்துப்போகும். ஜெர்மனியில் இப்படிச் சேவல் குஞ்சுகளைக் கொல்வதை 2022 முதல் தடை செய்துவிட்டார்கள்.

"அது விளையாட்டு, இது சாப்பாடு, இரண்டும் ஒன்றா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், நானும் கோழிக்கறி சாப்பிடுகிறவன்தான். ஆனால் சட்டம் என்ன சொல்கிறதென்று பாருங்கள். 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவில், வேடிக்கைக்காக விலங்குகளைச் சண்டைக்குத் தூண்டிவிடுவது குற்றம். அதே பிரிவில், அதற்கும் முன்னாலேயே, நடமாட இடம் போதாத கூண்டில் விலங்கை அடைத்துவைப்பதும் குற்றம். உணவுக்கென்று சட்டம் விலக்குக் கொடுத்திருப்பது கொல்வதற்கும் அதற்கான ஆயத்தத்துக்கும்தான், அதிலும் தேவையில்லாத வேதனை தரக்கூடாது என்று சேர்த்தே எழுதியிருக்கிறது. ஏறத்தாழ ஒரு வருஷம் கம்பியில் நிறுத்திவைப்பதற்கு அதில் எங்கே விலக்கு இருக்கிறது? நமக்கு முட்டை தேவை, ஒப்புக்கொள்கிறேன். கூண்டு தேவைப்படுவது முட்டைக்காக இல்லை, முட்டை சில காசு மலிவாக வருவதற்காக. சேவல் பந்தயமும் காசுக்காகத்தான் நடக்கிறது.

ஜல்லிக்கட்டில் வாடிவாசலைத் தாண்டிச் சில நிமிஷம்கூட நிற்காத காளைக்கு ஆட்சியர் அனுமதி, கால்நடை மருத்துவர் பரிசோதனை, கேமரா எல்லாம் வைத்திருக்கிறோம். 2014-இல் உச்ச நீதிமன்றம் தடை போட்டு, 2017-இல் மெரினாவில் கூடி, மாநிலச் சட்டத்திருத்தம் வந்து, 2023-இல் அரசியல் சாசன அமர்வு அதை ஏற்கும்வரை நாடே விவாதித்தது. கோழிக்காக யாரும் மெரினாவுக்குப் போகவில்லை. ஆனால் முட்டைக்கோழியையும் கறிக்கோழியையும் எப்படி வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசுக்கு ஆலோசனை சொல்லும் சட்ட ஆணையம் 2017-இலேயே தன் 269-ஆவது அறிக்கையில் வரைவு விதிகளோடு எழுதிக்கொடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் இந்த மாதிரிப் பழைய வகைக் கூண்டுகளை 2012-லேயே ஒழித்துவிட்டது.

பண்ணைக்காரர்களை ஜெயிலில் போடச் சொல்லி நான் கேட்கவில்லை. மக்காச்சோளமும் சோயாவும் விற்கிற விலையில் அவர்களும் கடனில்தான் ஓட்டுகிறார்கள். அபராதம் போட்டும் பிரயோஜனமில்லை. முதல் குற்றத்துக்குச் சட்டத்தில் இருப்பது 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய், ஒரு டஜன் முட்டை வாங்கக்கூடப் போதாது. அதனால் வேறு வழியில் ஆரம்பியுங்கள். கால்நடைத் துறை மருத்துவர்களை அனுப்பி ஒரு கோழிக்கு எத்தனை சதுர சென்டிமீட்டர் கொடுக்கிறார்கள் என்று பண்ணை பண்ணையாக அளந்து, கணக்கை மக்கள் பார்க்க வெளியிடுங்கள். புதுக் கொட்டகைக்கு மானியமோ கடன் பரிந்துரையோ கேட்டு வருபவர்களிடம் கூண்டில்லாத முறைக்கு முன்னுரிமை என்று சொல்லுங்கள். நம் மாவட்டத்திலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, நம் வெயிலுக்கு ஒத்துவரும் மாதிரிக் கொட்டகை ஒன்றை அவர்களால் போட்டுக்காட்ட முடியும். சத்துணவு முட்டைக்கு டெண்டர் விடும்போது ஒரு பங்காவது கூண்டில்லாத பண்ணைகளிலிருந்து வாங்க அரசுக்குப் பரிந்துரை செய்யுங்கள்.

காசே செலவில்லாத வேலையும் உண்டு. கறிக்கடைகளில் இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்துத் தலைகீழாகத் தராசில் தொங்கவிடுவதையும், கூண்டில் இருக்கிற கோழிகளின் கண்ணெதிரிலேயே அறுப்பதையும், கலர் குஞ்சு விற்பதையும் நிறுத்த ஒரு சுற்றறிக்கை போதும். சேவல் சண்டையைப் பிடிக்கிற அதே போலீசார் வாரச்சந்தைக்கும் ஒரு நடை போய்வரட்டும்.

இந்த மனுவின் மேல் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்பதை எழுத்துமூலம் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். "உரிய துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்ற ஒற்றை வரிப் பதில் வந்தால் அடுத்த திங்கள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு நேரில் வருவேன்.

இப்படிக்கு,
நாமக்கல் மாவட்டத்துக் குடிமகன் ஒருவன்