மறந்துவிடலாமாம்!

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் மருத்துவப் பக்கத்தில், 'செயற்கை இடுப்பு மூட்டுப் பொருத்தியவர்கள் அதை மறந்துவிட்டு நடமாடலாம்' என்று ஒரு வரி. வாசித்துவிட்டு என் அக்கா பேப்பரை மடித்து வைத்தார். பிறகு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார்.

அக்காவுக்கு 2007இல் லண்டனில் பொருத்தியது, உலோகக் கிண்ணத்துக்குள் உலோகக் குண்டு சுழலும் வகை. இரண்டுமே கோபால்ற், குரோமியம் கலந்தது. சண்டை முடிந்து, ஊரோடு இருப்போம் என்று விசுவமடுவுக்கு வந்த பிறகு கவட்டுப் பக்கம் நோகத் தொடங்கியது. இங்கே எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "மூட்டு நல்லா இருக்கு, வயசுக் கோளாறம்மா" என்று பனடோல் தந்தார்கள். இரண்டு வருடம் பனடோல்! பிள்ளைகள் திரும்ப லண்டனுக்குக் கூப்பிட்டு இரத்தம் பரிசோதித்தால், கோபால்ற் எக்கச்சக்கம். திறந்தபோது சதை கறுத்து, அடுப்புச் சாம்பலைக் கரைத்த மாதிரி நீர் கட்டி நின்றதாம். தேய்ந்து உதிரும் உலோகத் தூள் கண்ணுக்கே தெரியாது. அது சதையை அரிப்பது எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும்.

இது புதினமில்லை என்பது உங்களுக்குத் தெரியும். இந்த வகை மூட்டு ஒன்றை 2010 ஓகஸ்ட்டில் உலகம் முழுக்கச் சந்தையிலிருந்து திருப்பி எடுத்தார்கள். இரத்தத்தில் கோபால்ற் அல்லது குரோமியம் லீற்றருக்கு 7 மைக்ரோகிராமுக்கு மேல் போனால் விடாமல் கவனியுங்கள் என்று பிரித்தானியாவில் எப்போதோ சொல்லிவிட்டார்கள். பிளாஸ்ரிக் கிண்ணம் வைத்தவர்கள் பயந்து சாகவேண்டாம், அதையும் சொல்கிறேன்.

உடம்புக்குள் உலோகத்தோடு சீவிப்பது பற்றி வன்னிச் சனத்துக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். 2009இல் என் கெண்டைக்காலில் புகுந்த செல் துண்டு இன்னும் அங்கேதான். எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்கப் போனால் "உள்ளே இரும்பு இருக்கா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். அதைப் பற்றியும் மூன்று வருடத்துக்கு முன் உங்களுக்கு எழுதினேன். வரவில்லை. இடம் போதவில்லையாக்கும், அந்தக் கிழமை நகைக்கடை விளம்பரத்துக்கு மட்டும் அரைப்பக்கம் கிடைத்தது.

சரி, இம்முறை கேட்பது நாலு வரிதான். பொருத்திய மூட்டின் பெயர் போட்ட அட்டையை எறியாதீர்கள் என்று எழுதுங்கள். அக்காவின் அட்டை காணி உறுதியோடு பிஸ்கற் ரின்னுக்குள் கிடந்தபடியால்தான் தப்பியது. கவடு நொந்தால், நடக்கும்போது கிறீச்சிட்டால், அந்த அட்டையோடு போய் வைத்தியரிடம் காட்டச் சொல்லுங்கள். ராசிபலனுக்குக் கீழே போட்டாலும் எனக்குக் குறையில்லை.

இப்படிக்கு,
விசுவமடு வாசகர்