கல்லூரிகளில் கட்டுரை எழுதக் கற்றுத்தர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிவகங்கை மாவட்டத்துக் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் 22 ஆண்டுகளாக வரலாறு கற்பித்து வருகிறேன். ஒவ்வொரு பருவத்தின் கடைசி வாரங்களிலும் எங்கள் துறை அறையின் மேசை மீது அசைன்மென்ட் தாள்கள் குவியும். வண்ண அட்டை போட்டு, ஓரங்களில் ஸ்கெட்ச் பேனாவால் கோடிட்டு, தலைப்பை முத்துமுத்தாக எழுதி மாணவர்கள் கொண்டுவந்து வைப்பார்கள். உள்ளே இருப்பதில் பெரும்பகுதி கைடிலிருந்தோ கைப்பேசியிலிருந்தோ வரிக்கு வரி எடுத்து எழுதியது என்பது கொடுக்கும் மாணவருக்கும் தெரியும், வாங்கும் ஆசிரியருக்கும் தெரியும். 25 அக மதிப்பெண்களில் அதற்கென ஒதுக்கிய 5 மதிப்பெண்ணில் நான்கோ நாலரையோ போட்டுக் கையெழுத்திட்டு அடுத்த தாளை எடுப்போம். பல ஆண்டுகள் நானும் இதையே செய்தேன். அந்தக் குற்றவுணர்வே இக்கடிதத்தை எழுத வைக்கிறது.

நம் மாணவர்களுக்குக் கட்டுரை புதிதன்று. முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை என்று குறிப்புச் சட்டகம் இட்டு, இடையிடையே ஒரு குறளையும் பாரதியின் அடியையும் சேர்த்து எழுதப் பள்ளியிலேயே பழகிவிடுகிறார்கள். அது நல்ல பயிற்சிதான். ஆனால் எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஒன்றை அழகாகச் சொல்வதற்கான பயிற்சி அது. கல்லூரியில் எதிர்பார்க்கப்படும் கட்டுரையோ ஒரு கேள்வியை எழுப்பி, அதற்குச் சான்று தேடி, சான்றுகள் முரண்படும்போது எதை ஏன் ஏற்கிறோம் என்று சொல்லி, தன் முடிவைத் தானே நிறுவ வேண்டியது. இந்த வேறுபாட்டை முதலாமாண்டு வகுப்பில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. பருவத் தேர்வும் 2 மதிப்பெண், 5 மதிப்பெண், 10 மதிப்பெண் என்று மூன்று மணி நேரத்தில் நினைவிலிருந்து எழுதும் விடைகளாகவே இருப்பதால், எழுதியதைத் திரும்பப் படித்துத் திருத்தி எழுதும் அனுபவம் ஒருமுறைகூட வாய்க்காமல் மூன்றாண்டுகள் கழிந்துவிடுகின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் இரண்டாமாண்டு மாணவி ஒருவர் பாண்டிய நாட்டு நீர்ப்பாசனம் பற்றி எழுதிக்கொடுத்தார். 'நீரின்றி அமையாது உலகு' என்று தொடங்கிய அந்த எட்டுப் பக்கங்களில் ஒரு வாக்கியம்கூட அவருடையதாகத் தெரியவில்லை. தாளைத் திருப்பிக் கொடுத்து, உங்கள் ஊர்க் கண்மாயைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டேன். தன் தாத்தா நீர்பாய்ச்சியாக இருந்தவர் என்றும், எந்த மடையை எப்போது திறப்பது, யார் வயலுக்கு முதலில் தண்ணீர் விடுவது என்பதை அவர்தான் முறைவைத்துப் பார்த்துக்கொண்டார் என்றும், இப்போது உபரி நீர் வழிந்தோடும் கலுங்கு இடிந்து கிடக்கிறது என்றும் மடமடவென்று சொன்னார். இதை ஏன் எழுதவில்லை என்றேன். "இதெல்லாம் எழுதலாமா சார்?" என்று கேட்டார். பள்ளியும் கல்லூரியுமாகப் பதினான்கு ஆண்டுகள் படித்த பெண் அந்தக் கேள்வியைக் கேட்கும்படி விட்டதற்கு நாங்கள்தான் பொறுப்பு.

அவருடைய அடுத்த வரைவில் 'அக்காலத்தில் மக்கள் ஒற்றுமையாக வாழ்ந்தனர்' என்று ஒரு வரி இருந்தது. எக்காலம், யார் சொன்னது என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன். மூன்றாவது வரைவில் அந்த வரி இல்லை. அந்த இடத்தில், கண்மாய்க்கு மூன்று மடைகள் இருந்ததாகத் தாத்தா கூறுவதையும், கிராம நிர்வாக அலுவலகத்தில் பார்த்த வரைபடத்தில் இரண்டு மடைகளே குறிக்கப்பட்டிருப்பதையும் அடுத்தடுத்து எழுதியிருந்தார். அதோடு விடவில்லை. தம்பியை அழைத்துக்கொண்டு கரை நெடுக நடந்து, சீமைக்கருவேலப் புதருக்குள் மூன்றாவது மடையின் கற்களைக் கண்டு, 'வரைபடத்தில் இது விடுபட்டிருக்கலாம். அல்லது வரைபடம் வரைவதற்கு முன்பே பயன்பாட்டிலிருந்து நீங்கியிருக்கலாம்' என்று எழுதியிருந்தார். தெரிந்ததையும் ஊகித்ததையும் பிரித்துக் காட்டிய அந்த 'இருக்கலாம்' என்ற சொல்லை அவருக்கு நான் சொல்லித்தரவில்லை. இருவேறு சான்றுகளை எதிரெதிரே வைத்துப் பார்த்ததால் தானாக வந்தது.

இப்படி எழுதுவது ஏதோ மேலைநாட்டு வழக்கம் என்று சிலர் நினைக்கிறார்கள். தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு உரை எழுதிய சேனாவரையர், தமக்கு முன் உரைகண்ட இளம்பூரணரை உரையாசிரியர் என்று சுட்டி, அவர் கருத்தை எடுத்துக் கூறி, அது ஏன் பொருந்தாது என்று காரணம் காட்டி மறுக்கிறார். உ.வே.சாமிநாதையர் ஏட்டுச் சுவடி கொடுத்து உதவியவர்களை நன்றியோடு குறிப்பிட்டு, சுவடிக்குச் சுவடி மாறும் சொற்களான பாடபேதங்களையும் காட்டிப் பதிப்பித்தார். நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களையே நான் திருத்தக் குறிப்புகளாகப் பயன்படுத்துகிறேன். கூறியது கூறல், மாறுகொளக் கூறல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல் என்று ஓரத்தில் எழுதினால் மாணவர்களுக்குச் சட்டென்று விளங்குகிறது. இப்போது ஒருவர் தாளில் இன்னொருவர் அவ்வாறு குறிப்பு எழுதும் அளவுக்கு வந்திருக்கிறார்கள்.

கருத்துத் திருட்டைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் விதிமுறைகள் வெளியிட்டது. ஆய்வேட்டில் 10 விழுக்காடு வரை ஒப்புமை இருந்தால் தண்டனையில்லை. 40 வரை இருந்தால் திருத்தித் தர வேண்டும். 60 வரை இருந்தால் ஓராண்டுக்குத் திருத்திய ஏட்டைத் தர முடியாது. அதற்கு மேல் போனால் பதிவே ரத்தாகும். இந்த எண்களை எல்லா ஆய்வாளர்களும் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் அதே விதிமுறைகள், கல்விசார் நேர்மையின் அடிப்படைகளை இளங்கலை, முதுகலைப் பாடத்திட்டங்களில் கட்டாயப் பகுதியாகச் சேர்க்க வேண்டும் என்றும் கூறுகின்றன. தண்டனைப் பகுதி நடைமுறைக்கு வந்த அளவுக்கு இந்தப் பகுதி வரவில்லை. மேற்கோள் குறி எதற்கு, பிறர் கருத்தைத் தன் சொற்களில் எழுதினாலும் மூலத்தை ஏன் குறிப்பிட வேண்டும் என்று இளங்கலையில் யாரும் சொல்லித்தராத மாணவரை, முனைவர் பட்டத்துக்கு வந்த பிறகு மென்பொருளைக் கொண்டு பிடிப்பதில் என்ன நியாயம் இருக்கிறது?

கட்டுரையைச் செயற்கை நுண்ணறிவுச் செயலி எழுதித் தருகிறதே என்று உடன் பணியாற்றுவோர் கேட்கிறார்கள். முதல் வரைவிலிருந்து ஒவ்வொன்றையும் பார்த்து, எதை ஏன் மாற்றினாய் என்று நேரில் ஐந்து நிமிடம் கேட்டாலே யார் எழுதியது என்பது தெரிந்துவிடும். வெளி அட்டையையும் கடைசிப் படியையும் மட்டும் பார்த்து மதிப்பெண் போடும் முறைக்குத்தான் அந்தச் செயலியால் ஆபத்து.

ஆசிரியர்களுக்கு நேரமில்லை என்பது உண்மையான தடை, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் வகுப்பு. 60 பேர் படிக்கும் வகுப்பில் நான்கு பக்கக் கட்டுரை ஒன்றுக்குக் கால் மணி நேரம் என்றாலும் ஒருமுறை திருத்த 15 மணி நேரமும், இரண்டு முறை திருத்த 30 மணி நேரமும் ஆகும். எல்லாப் பாடங்களுக்கும் இதைச் செய்ய எந்த ஆசிரியராலும் முடியாது. ஆகவே ஒரு பருவத்தில் ஐந்து பாடங்களுக்கும் தனித்தனியே அசைன்மென்ட் வாங்குவதை நிறுத்தி, ஏதேனும் ஒரு பாடத்தில் ஒரே கட்டுரையை எழுதவைத்து, அதைக் குறிப்புகளோடு திருப்பிக் கொடுத்து, மீண்டும் எழுதி வாங்கி, துறை ஆசிரியர்கள் பகிர்ந்து திருத்தும் ஏற்பாட்டைச் செய்யலாம். ஆங்கில வழியில் சேர்ந்திருந்தாலும், பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்கள் விரும்பினால் அந்தக் கட்டுரையைத் தமிழில் எழுத அனுமதிக்க வேண்டும். வாக்கியம் கைவராத மொழியில் எழுதச் சொன்னால் அவர்கள் பார்த்து எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை.

தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டத்தின் திறன் பயிற்சிகளுக்குக் கல்லூரிப் பாடத்திட்டத்தில் இடம் கிடைத்திருக்கிறது. இதற்கும் இடம் உண்டாக்க முடியும். தன்னாட்சிக் கல்லூரிகள் தங்கள் பாடத்திட்டக் குழுவிலேயே இதை முடிவு செய்துகொள்ளலாம். மற்ற கல்லூரிகளில் துறைத் தலைவர்கள் கலந்து பேசினாலே தொடங்கிவிடலாம். வரும் கல்வியாண்டில் முதலாமாண்டு வகுப்புகளிலேனும் இதை நடைமுறைப்படுத்துமாறு கல்லூரி நிர்வாகங்களையும் பல்கலைக்கழகங்களையும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வரலாற்றுத் துறை ஆசிரியர் ஒருவர்,
சிவகங்கை மாவட்டம்.