தண்ணீர்ச் சிக்கல் தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

காவிரிச் செய்தி வரும்போதெல்லாம், தண்ணீர்ச் சண்டை என்பது தமிழகத்துக்கும் கர்நாடகத்துக்கும் உள்ள விவகாரம் என்றே சிங்கப்பூரில் உள்ள நம்மில் பலர் பேசுகிறோம். நம் குழாய் நீரின் வரலாறு வேறு கதை சொல்கிறது. 1942 ஜனவரி 31 அன்று ஜப்பானியரிடமிருந்து பின்வாங்கிய பிரிட்டிஷ் தரப்புப் படையினர், மலேசிய மாநிலமான ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடற்பாலத்தைத் தகர்த்தபோது, அதன் வழியே வந்த தண்ணீர்க் குழாயும் துண்டானது. அடுத்த இரண்டு வாரங்களில் சிங்கப்பூர் சரணடைந்ததற்கு நீர்த் தட்டுப்பாடும் ஒரு காரணம்.

1962ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை, ஆயிரம் கேலனுக்கு 3 மலேசிய சென் என்ற விலையில் நாம் எடுக்கலாம். சுத்திகரித்த நீரில் ஒரு பகுதியை ஜொகூர் 50 சென்னுக்கு வாங்கிக்கொள்கிறது. அந்த 3 சென் அங்கே மனக்குறையாக இருப்பதில் வியப்பில்லை. ஆயினும், சுத்திகரிப்புச் செலவையும் ஜொகூரில் உள்ள லிங்கியு அணைக்கு நாம் செலவிட்ட தொகையையும் மறைத்து, அவ்விலையை மட்டும் அரசியல் மேடைகளில் முழங்குவது நியாயமாகப் படவில்லை. மலேசியாவிலிருந்து சிங்கப்பூர் பிரிந்த 1965 பிரிவினை உடன்படிக்கையே உறுதியளித்த ஒப்பந்தத்தை ஒரு தரப்பு தன் விருப்பப்படி திருத்த இயலாது.

அவ்வொப்பந்தம் 2061இல் முடிவுறும். புதுநீரும் (பயன்படுத்திய நீரைச் சுத்திகரித்துப் பெறும் நீர்) கடல்நீர்ச் சுத்திகரிப்பும் கைகொடுக்கும் என்கிறோம்; ஆனால் கடல்நீரைக் குடிநீராக்க மிகுந்த மின்சாரம் வேண்டும், அதற்கான எரிவாயுவும் வெளியிலிருந்தே வருகிறது (இதை ஏனோ நாம் அதிகம் பேசுவதில்லை). இது குறித்துத் தங்கள் நாளிதழ் விரிவான கட்டுரை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், ஈசூன்