நேரம் கொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் அதன் புறநகரான சாட்ஸ்வொர்த்திலும் எனக்குத் துணை நின்ற எல்லோருக்கும் வணக்கம்.

செவிலியர் முதுகலைப் படிப்பு ஒருவழியாக முடிந்தது. ஆய்வேடு ஏற்கப்பட்டதாக, தொலைநிலைக் கல்வி தரும் தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகமான யூனிசாவிலிருந்து மின்னஞ்சல் வந்த அன்று வாட்ஸ்அப் நிறைய பூங்கொத்துகள் அனுப்பினீர்கள். ஒரு வரியில் நன்றி சொல்லி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. உங்களில் பலருக்கு நீங்கள் என்ன உதவி செய்தீர்கள் என்பதே தெரியாது. வார்டில் சொல்ல வேண்டியதை ஆங்கிலத்திலும் இங்குள்ள சுலு மொழியிலும் வாயாலேயே சொல்லிவிட்டேன். தமிழில் எழுதுவது மாமிக்காகவும், தமிழ்ப் பள்ளியில் எனக்கு எழுத்தறிவித்த டீச்சருக்காகவும்.

இணையவழிப் படிப்பு என்றால் நேரம் கிடைக்கும்போது படிக்கலாம் என்பார்கள். காலை ஏழு முதல் இரவு ஏழு வரை வார்டில் நிற்பவருக்கு நேரம் எங்கே தானாகக் கிடைக்கிறது? யாராவது தங்கள் நேரத்திலிருந்து எடுத்துத் தந்தால்தான் உண்டு.

முதலில் தந்தவர் மாமி. சாப்பாட்டு மேசையில் நான் மடிக்கணினியைத் திறந்துவிட்டால், வாசலுக்கு வருகிறவர்களிடம் "சிஸ்டர் டியூட்டியில் இருக்கிறாள்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார். ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது, கோயில் சமையலுக்கு வராத மருமகளைப் பற்றிக் கேட்க நாலு பேர் இருக்கத்தானே செய்வார்கள்? நாலு பேருக்கும் மாமியே பதில் சொன்னார். என்ன சொன்னார் என்று இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை, ஆனால் அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை.

வார்டுப் பொறுப்பாளர் சிஸ்டர் செய்தது ரோஸ்டரில், அதாவது பணி அட்டவணையில், ஒரு சின்ன மாற்றம். ஒவ்வொரு அத்தியாயத்தையும் அனுப்ப வேண்டிய வாரத்தில் என் விடுமுறை நாட்களை அடுத்தடுத்து வரும்படி போட்டார். தனித்தனியாக வரும் விடுமுறை துணி துவைக்கவும் தூங்கவுமே போய்விடும். சேர்ந்து வந்தால், இரண்டாம் நாள் மூளை வேலை செய்யும். முதுகலை படிக்கும் செவிலியருக்கு ஒரு மேலதிகாரி செய்யக்கூடிய பெரிய உதவி இதுதான் என்பேன். பாராட்டுச் சான்றிதழ் எல்லாம் அப்புறம்.

பல்கலைக்கழக நூலகர் என் தலைப்பை மூன்றாகப் பிரித்தார்: நோயாளி யார், என்ன செய்கிறோம், எந்த விளைவைப் பார்க்கிறோம். ஒவ்வொன்றுக்கும் மாற்றுச் சொற்களை எழுதவைத்து, பப்மெட், சினால் என்ற மருத்துவ, செவிலியக் கட்டுரைத் தளங்களில் அவற்றைச் சேர்த்துத் தேடக் காட்டினார். படிக்கும் முதல் கட்டுரையிலிருந்தே, மேற்கோள்களைத் தொகுக்கும் ஸோட்டெரோ மென்பொருளில் சேமித்துவிடுங்கள் என்று கண்டிப்பாகச் சொன்னார். கடைசி மாதத்தில் மேற்கோள் பட்டியலோடு மல்லுக்கட்டாமல் நான் தூங்கியதற்கு அவர்தான் காரணம்.

என் ஆய்வு சர்க்கரை நோயாளிகள் தங்கள் கால்களை எப்படிக் கவனித்துக்கொள்கிறார்கள் என்பது பற்றியது. நம் வீடுகளில் அந்த நோய் இல்லாத குடும்பம் எது? பல்கலைக்கழக நெறிமுறைக் குழு, மாகாண சுகாதாரத் துறை, மருத்துவமனை என்று எல்லா அனுமதியும் கிடைத்த பிறகுதான் ஒரு நோயாளியிடமாவது கேள்வி கேட்க முடியும். அந்தக் காத்திருப்பில் என் சுலு தோழி ஒப்புதல் படிவத்தைத் தன் மொழியில் எழுதித் தந்தாள். இன்னொருத்தி மூலத்தைப் பார்க்காமலே அதைத் திரும்ப ஆங்கிலமாக்கிச் சரிபார்த்தாள். இருவரும் அதைச் செய்தது தேநீர் இடைவேளையில்.

அப்புறம் நோயாளிகள். பெயர் சொல்லக் கூடாது, சொல்லவும் மாட்டேன். 10 கிராம் மோனோஃபிலமென்ட் என்பது பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று சோதிக்கும் ஒரு நைலான் இழை; 10 கிராம் அழுத்தத்தில் வளையும். நோயாளி கண்ணை மூடிக்கொள்ள, பாதத்தில் அதை வைத்து வளையும்வரை அழுத்துவோம், தொடுவது தெரிகிறதா என்று கேட்போம். ஒரு பாட்டி ஒவ்வோர் இடத்திலும் பொறுமையாகக் காத்திருந்துவிட்டு, "எப்போ கண்ணு ஆரம்பிப்பே?" என்றார். நான் அப்போது முடிக்கப்போகும் இடத்தில் இருந்தேன். அடுத்த முறை வந்தபோது, வீட்டுக்காரரின் சவரக் கண்ணாடியைத் தரையில் வைத்துத் தினமும் உள்ளங்காலைப் பார்ப்பதாகச் சொன்னார். ஆய்வேட்டில் அது ஒரு வரிதான். எனக்கு அதுதான் மொத்தப் படிப்பும்.

மேற்பார்வையாளர் என் பத்திகளின் ஓரத்தில் "அதனால் என்ன?" என்று எழுதுவார். முதலில் கோபம் வந்தது, போகப்போக நானே எனக்கு அதை எழுதிக்கொள்ளத் தொடங்கினேன். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பன் தவித்தபோது, நான் கேட்காமலே தவணையைத் தள்ளிவைத்தவரும் அவரே.

பக்கத்து வீட்டு அங்கிள், உங்களை மறப்பேனா? லோட்ஷெடிங் என்ற சுழற்சி மின்வெட்டு, பல மணி நேரம் கரண்ட் போகும் ஆறாம் நிலைக்குப் போன நாட்களில், கரண்ட் போன மறுநிமிடம் உங்கள் இன்வெர்ட்டரிலிருந்து ஆரஞ்சு நிற ஒயர் சுவருக்கு மேல் வந்து விழும். ரவுட்டருக்கும் மடிக்கணினிக்கும் அது போதும். 2024 மார்ச் கடைசியில் லோட்ஷெடிங் நின்று மாதக்கணக்கில் வராதபோதும், நீங்கள் அந்த ஒயரைச் சுருட்டி வைக்கவில்லை.

நான் சோர்ந்தபோதெல்லாம் பெரியப்பா, மண்டேலா சிறையிலிருந்தே யூனிசா வழியாகப் படித்து 1989-இல் சட்டப் பட்டம் முடித்த கதையைச் சொன்னார். சுண்ணாம்புக் குவாரியில் வேலை வாங்கப்பட்ட மனிதரைக் காட்டினால் எதிர்த்துப் பேச என்ன இருக்கிறது? என் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் ரொட்டியும் பீன்ஸ் கறியும் எத்தனை இரவு சாப்பிட்டார்கள் என்பதை அவர்களே சொல்வார்கள், நான் கேட்டுக்கொள்கிறேன்.

பட்டமளிப்பு விழாவுக்கு எல்லோரையும் அழைத்துப்போக முடியாது. அதனால் அதற்கடுத்த ஞாயிறு மதியம் வீட்டுக்கு வாருங்கள், பிரியாணியும் பருப்பும் உண்டு. நம் வார்டிலிருந்து இந்த முறை இரண்டு பேர் விண்ணப்பிக்கிறார்கள். தங்கைகளே, இரவு ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள ஆள் வேண்டுமென்றால் முதலில் என்னைக் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் சிஸ்டர்
சாட்ஸ்வொர்த், டர்பன்