நிலத்தடி நீரின் இயற்கை வேதித் தன்மையை நீர்த்தாங்கி வாரியாக வரையறுக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
நிலத்தடி நீர் வேதியியல் பணியிலுள்ள நீர்நிலவியலாளர்கள், ஆய்வக வேதியியலாளர்கள்

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
நிலத்தடி நீர் ஆய்வுத் துறை

பொருள்: மாசு எனத் தீர்மானிக்கும் முன், பாறையும் மண்ணும் தரும் இயற்கை அளவை முறைப்படி கண்டறிய ஆணையிட வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஒரு ஆழ்துளைக் கிணற்றில் ஃபுளோரைடு லிட்டருக்கு 2.4 மில்லிகிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு மதிப்பு 1.5 என்பதால் அந்த நீர் குடிக்க ஏற்றதல்ல. ஆனால் அந்த ஃபுளோரைடு பாறையிலிருந்து வந்ததா, கழிவிலிருந்து வந்ததா என்பதை 1.5 என்ற எண் சொல்லாது. பாறையிலிருந்து வந்திருந்தால் அருகிலுள்ள ஆலைக்கு அறிவிப்பு அனுப்பிப் பயனில்லை. சுத்திகரிப்புக்கோ மாற்று நீர் ஆதாரத்துக்கோதான் வழி தேட வேண்டும். கழிவிலிருந்து வந்திருந்தால் 'இயற்கையானது' என்று எழுதும் ஒரு வரியே மாசுபடுத்தியவரைத் தப்பவிட்டுவிடும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது இயற்கை அடிநிலை அளவு, அதாவது மனிதத் தாக்கம் இல்லாதபோது பாறையும் மண்ணும் மட்டும் தரும் அளவு, மட்டுமே. ஒரு பகுதியின் எல்லாக் கிணறுகளையும் சேர்த்துச் சராசரி எடுத்து அதையே அடிநிலை என்பது, கலந்த நீரை ஊற்று நீர் என்பதற்குச் சமம்.

முதலில், அடிநிலை காணும் அலகு நிர்வாக எல்லையாக இருக்கக் கூடாது. நீர்த்தாங்கியாக, அதாவது நீரைத் தேக்கிக் கடத்தும் நிலத்தடிப் பாறை அல்லது மணல் அடுக்காக, இருக்க வேண்டும். ஒரே நீர்த்தாங்கிக்குள்ளும் நீர் ஒரே மாதிரி இருப்பதில்லை. மழைநீர் இறங்கும் இடத்தில் கால்சியம்–பைகார்பனேட் வகையாக இருக்கும் நீர், களிமண் கனிமங்களுடன் அயனி மாற்றம் நிகழ நிகழ சோடியம்–பைகார்பனேட் வகையாகிறது. கால்சியம் குறைந்தால், கால்சியமும் ஃபுளோரைடும் சேர்ந்த ஃபுளோரைட் என்ற கனிமம் மேலும் கரைய இடம் கிடைத்து, ஃபுளோரைடு தானாகவே ஏறுகிறது. ஆகவே அடிநிலையை ஒற்றை எண்ணாக அறிவிக்காமல், நீர் செல்லும் பாதையை ஒட்டிய ஒரு வீச்சாகவே அறிவிக்க வேண்டும். பல அடுக்குகளிலிருந்தும் நீர் எடுக்கும் கிணறு தரும் கலவை எந்த அடுக்குக்கும் உரியதன்று. நீர் உள்ளே வரும் துளையிட்ட பகுதியான வடிகுழாயின் ஆழம் பதிவாகியுள்ள கிணறுகளையே இதற்குத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பிழைகளில் பெரும்பகுதி ஆய்வகத்துக்கு வருமுன்னரே நடந்துவிடுகிறது. குழாயில் தேங்கிய நீர் நீர்த்தாங்கியின் நீரல்ல. 15 செ.மீ. விட்டமுள்ள கிணற்றில் 40 மீட்டர் நீர்த்தூண் இருந்தால் அதன் கொள்ளளவு சுமார் 707 லிட்டர். வழக்கப்படி அதன் மூன்று மடங்கை, அதாவது ஏறத்தாழ 2,120 லிட்டரை, இறைத்து வெளியேற்ற வேண்டும். நிமிடத்துக்கு 30 லிட்டர் தரும் பம்புக்கு இது 70 நிமிட வேலை. இறைத்த அளவு மட்டும் போதாது. இறைக்கும் நீர் காற்றுப் படாமல் ஓடிச் செல்லும் ஓட்டக் கலத்தில் வைத்த கருவிகளின் அளவுகள் நிலைபெற வேண்டும்: அடுத்தடுத்த மூன்று அளவீடுகளில் பிஎச் 0.1க்குள், மின்கடத்துதிறன் 3 சதவீதத்துக்குள். காற்றழுத்தக் கம்ப்ரசரால் இறைத்து மாதிரி எடுப்பதை அடியோடு தடுக்கக் கோருகிறோம். அது கரியமில வாயுவை வெளியேற்றி பிஎச்சை உயர்த்துகிறது. ஆக்சிஜனைப் புகுத்தி இரும்பைப் படிய வைக்கிறது. படியும் இரும்பு ஆர்சனிக்கையும் தன்னோடு இழுத்துச் செல்கிறது. ஆய்வக அறிக்கையில் ஆர்சனிக் 'இல்லை' என்று வரும். நீர்த்தாங்கியில் அது இருந்துகொண்டேதான் இருக்கும்.

பிஎச், கரைந்த ஆக்சிஜன், காரத்தன்மை ஆகியவற்றைக் கிணற்றருகிலேயே அளக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து ஆய்வகத்தில் அளந்த பிஎச் பாட்டிலின் பிஎச். உலோகங்களுக்கான மாதிரியை 0.45 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடித்த பிறகே தூய நைட்ரிக் அமிலத்தால் பிஎச் 2க்குக் கீழே கொண்டுவர வேண்டும். வரிசை மாறினால் மிதக்கும் களிமண் துகள்கள் அமிலத்தில் கரைந்து, இல்லாத அலுமினியத்தையும் இரும்பையும் காட்டும். நைட்ரேட்டுக்கான பாட்டிலில் அந்த அமிலம் ஒரு சொட்டும் விழக் கூடாது; அதைக் குளிர்பதனத்தில் 4 டிகிரியில் அனுப்பினால் போதும். பத்து மாதிரிக்கு ஒரு இரட்டை மாதிரியும் (அதே நீரில் எடுத்த இரண்டாவது மாதிரி) ஒரு வெற்று மாதிரியும் (அதே முறையில் கையாண்ட தூய நீர்) தேவை. துத்தநாகம் பூசிய குழாயுள்ள கிணற்றின் துத்தநாக அளவையும் பித்தளை வால்வில் பிடித்த நீரின் ஈய அளவையும் கணக்கில் சேர்க்கக் கூடாது.

ஆய்வக முடிவுகளில் நேர், எதிர் அயனிகளைத் தனித்தனியே மில்லிசமானத்தில் (மின்னூட்டத்தைக் கணக்கில் கொண்ட அலகில்) கூட்டி, இரண்டின் வித்தியாசத்தை மொத்தத்தால் வகுத்தால் 5 சதவீதத்துக்குள் வர வேண்டும். ஒரு எச்சரிக்கை: சோடியத்தை நேரடியாக அளக்காமல், எதிர் அயனிகளின் கூட்டுத்தொகையிலிருந்து மற்ற நேர் அயனிகளைக் கழித்துக் கண்டுபிடித்த அறிக்கையில் பிழை எப்போதும் பூச்சியமாகவே இருக்கும். அளவுக்கு மீறி அழகான சமநிலையைச் சந்தேகிக்கலாம். '10 மைக்ரோகிராமுக்குக் கீழ்' என்று மட்டும் சொல்லும் ஆர்சனிக் அறிக்கை குடிநீர்ச் சான்றுக்குப் போதும். அடிநிலை காண உதவாது.

அடுத்தது மனிதத் தாக்கம் பட்ட மாதிரிகளை விலக்குவது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டு நிலத்தடி நீர் நெறிமுறையை ஒட்டி உருவான முன்தேர்வு முறையில், நைட்ரேட் லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால் மாதிரி விலக்கப்படும். இது நைட்ரேட்டாகக் குறித்த 10. நைட்ரஜனாகக் குறித்த 10 என்பது நைட்ரேட்டில் சுமார் 44. அறிக்கைகளில் இந்தக் குழப்பம் அடிக்கடி நிகழ்கிறது. மேலும், ஆக்சிஜன் தீர்ந்த நீரில் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டைச் சிதைத்துவிடுவதால், நைட்ரேட் இல்லாததே தூய்மைக்குச் சான்றாகாது. அங்கே அம்மோனியத்தையும் பிற மாசுச் சுவடுகளையும் பார்க்க வேண்டும். ஐயமுள்ள கிணறுகளில் டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜனை அளக்கலாம். அதன் அரைவாழ்வு 12.3 ஆண்டுகள், அது கண்டறிய முடியாத அளவில் இருந்தால், நீர் பெரும்பாலும் 1950களின் அணுவெடிப்புச் சோதனைகளுக்கு முன் நிலத்துக்குள் இறங்கியது. மிஞ்சும் மாதிரிகளை ஏறுவரிசையில் அடுக்கி, நடு மதிப்பையும் நூற்றுக்கு 90ஆம் இடத்து மதிப்பையும் வெளியிடலாம். சராசரி வேண்டாம், ஒரேயொரு உப்புக் கிணறு அதை மேலே இழுத்துவிடும்.

இயற்கையான அளவு பாதுகாப்பான அளவு என்று பொருளல்ல என்பதையும் அறிக்கையிலேயே எழுதச் சொல்ல வேண்டும். ஆற்று வண்டல் படுகைகளில் ஆக்சிஜனற்ற சூழலில் இரும்பு ஆக்சைடுகள் கரையும்போது வெளிவரும் ஆர்சனிக் முற்றிலும் இயற்கையானதே.

எனவே, மேற்கண்ட மாதிரி முறையைக் கட்டாயமாக்கியும், முதல் ஆண்டில் மழைக்கு முன்னும் பின்னும் இருமுறை மாதிரி எடுத்தும், ஒவ்வொரு நீர்த்தாங்கிக்கும் அடிநிலை வீச்சை மூலத் தரவுகளோடு வெளியிட ஆணையிடுமாறு வேண்டுகிறோம். விலக்கிய மாதிரிகளின் பட்டியலும், ஒவ்வொன்றையும் விலக்கியதற்கான காரணமும் அதில் இடம்பெற வேண்டும். அதுவரை, 'இயற்கை' என்ற ஒற்றைச் சொல்லை ஆதாரமாகக் கொண்டு எந்த மாசுப் புகாரையும் முடித்து வைக்க வேண்டாம் எனவும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மனுதாரர்கள்